அறியாமல் இட்ட கையொப்பம்

1962-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், இங்கிலாந்து நாட்டு எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள குட்மேஸ் என்னும் ஊரில், 78 வயதான கைம்பெண் ஒருவரின் இல்லத்திற்கு இருவர் வந்தனர். ஒருவர் அம்மூதாட்டியின் உடன்பிறந்தார் மகன். மற்றவர் அவருடைய நண்பர். நண்பர் ஒரு பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் கேட்டார். மூதாட்டியின் மூக்குக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. அஃதின்றிப் பத்திரத்தைப் படிக்க அவரால் இயலாது. இஃது என்ன பத்திரம் என்று வினவினார். வீட்டை உங்கள் பிள்ளைக்கே தானமாக அளிக்கும் பத்திரம் என்று நண்பர் விடையிறுத்தார். பிள்ளை அருகிலேயே இருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மூதாட்டி கையொப்பமிட்டார். பிள்ளை சாட்சியாக ஒப்பமிட்டார்.

அது தானப் பத்திரம் அன்று. வீட்டை 3,000 பவுனுக்கு அந்த நண்பருக்கே கிரயம் செய்துவிட்டதாக எழுதப்பட்ட பத்திரம் அது. மூதாட்டியின் கைக்கு ஒரு பவுனும் வரவில்லை. நண்பர் அப்பத்திரத்தைக் கொண்டு, வீட்டுக் கடன் அளிக்கும் ஒரு கட்டடச் சங்கத்தில் அவ்வீட்டை ஈடு வைத்து 2,000 பவுன் கடன் பெற்றார். பெற்றவர் தவணையைக் கட்டத் தவறினார். வீடு கடனிற் சிக்கியது. மூதாட்டி நீதிமன்றம் ஏறினார்.

அவர் கூறியது ஒன்றே: கையொப்பம் என்னுடையது, பத்திரம் என்னுடையது அன்று. ஆங்கிலச் சட்டத்தில் இவ்வழக்குரை மிகப் பழைமையானது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒன்றைப் படித்துக் காட்டுவதாகச் சொல்லி, வேறொன்றில் கைச்சாத்து வாங்கிவிட்டால், அஃது அவருடைய செய்கை ஆகாது என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டு மன்றங்கள் கூறியுள்ளன. குருடரையும் கல்லாதாரையும் காப்பதற்கென்று தோன்றிய இவ்விதியின் நிழலில்தான் மூதாட்டியும் ஒதுங்கினார்.

முதல் மன்றத்தில் அவருக்கு வெற்றி கிட்டியது. 1969-இல், டென்னிங் பிரபு அங்கம் வகித்த மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு பிரபுக்கள் சபையில் முடிவுறும் முன்னரே மூதாட்டி காலமானார். அவருடைய மரண சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பாளர் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1970 நவம்பரில் பிரபுக்கள் சபையும் கட்டடச் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

காரணம் யாது? மூதாட்டி தம் வீட்டை விட்டுக்கொடுக்கவே எண்ணிக் கையொப்பமிட்டார். அவ்வீட்டைக் கொண்டு தம் பிள்ளை பணம் திரட்டிக்கொள்ளட்டும் என்பதே அவர் விருப்பம். தாம் இறுதிவரை அவ்வீட்டிலேயே வாழலாம் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. ஆகவே, அவர் நினைத்த பத்திரத்திற்கும் இட்ட பத்திரத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு, வேரோடு வேறான வேறுபாடு அன்று என்றனர் பிரபுக்கள். மேலும், கையொப்பமிடுபவர் தம்மால் இயன்ற எச்சரிக்கையை மேற்கொண்டாரா என்பதும் கேட்கப்படும். அதனை மெய்ப்பிக்கும் சுமை கையொப்பமிட்டவரையே சாரும். கட்டடச் சங்கமோ ஒரு சூதும் அறியாது, ஒழுங்கான பத்திரத்தைக் கண்டு பணம் கொடுத்தது. குற்றமற்ற இருவரில் ஒருவர் இழப்பைத் தாங்கியே தீர வேண்டும் என்னும்போது, கையொப்பம் இட்டவர் தலையில் அது விழுந்தது.

இத்தீர்ப்பைப் பயிலும்போது நெஞ்சம் ஒருபுறம் இழுக்கிறது; அறிவு மற்றொருபுறம் இழுக்கிறது. பெற்ற பிள்ளை போன்றவன் அருகில் இருக்கையில் எந்த மூதாட்டிதான், கண்ணாடி செப்பனிட்டு வரும்வரை பொறு என்று சொல்வாள்? ஆயினும், இட்ட கையொப்பத்தை எவரும் எப்போதும் மறுத்துரைக்கலாம் என்று ஆகிவிட்டால், எளியவர்க்கு வீட்டுக் கடன் தருவார் எவர் இருப்பார்? பிரபுக்கள் கூறியது சரியே என்று நான் எண்ணுகிறேன். ஆனால் மகிழ்ச்சியோடு எண்ணவில்லை.

பதினைந்து ஆண்டுகள் சென்றபின், உலகின் மற்றொரு கோடியில், ஏறக்குறைய இதே போன்ற வேறொரு கையொப்பம் இடப்பட்டது. ஆனால் முடிவு நேர்மாறாக அமைந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியேறி வாழ்ந்த இத்தாலிய முதியவர் இருவர், கணவரும் மனைவியும். ஒருவருக்கு 76 வயது, மற்றவருக்கு 71. அவர்களுடைய மகன் கட்டடத் தொழில் நடத்தினான். மகனுடைய நிறுவனத்தின் கடனுக்குப் பெற்றோர் தம் சொத்தை ஈடாக்கிப் பிணை நிற்க வேண்டும் என்று பாங்கு கேட்டது. பிணை 50,000 டாலருக்கு மட்டுமே, அதுவும் ஆறு மாதத்திற்கு மட்டுமே என்று மகன் சொன்னான். 1977 மார்ச்சில் பாங்கு மேலாளர் தாமே பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் இல்லத்திற்குச் சென்றார். சமையலறையில் வைத்தே கையொப்பங்கள் பெறப்பட்டன. ஆறு மாதம் என்ற பேச்சு எழுந்தபோது, கால வரையறை இல்லை என்று மேலாளர் திருத்தினார். தொகைக்கும் வரையறை இல்லை என்பதை எவரும் சொல்லவில்லை. நிறுவனம் நொடித்தது. பாங்கு கேட்ட தொகை ஏறத்தாழ 2,40,000 டாலர்.

சட்டம் பயில்வோர் அமாடியோ வழக்கு என்று குறிப்பிடுவது இதனைத்தான். 1983 மே மாதத்தில் ஆஸ்திரேலிய உயர் மன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் முதியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆங்கில எழுத்தில் அவர்களுக்குப் போதிய பயிற்சியின்மை, முதுமை, மகன் சொல்லையே நம்பிய நிலை, தனியாக ஆலோசனை கூற ஒருவரும் இல்லாமை ஆகிய யாவும் பாங்கு மேலாளரின் கண்ணெதிரிலேயே இருந்தன. அதற்கும் மேலாக, மகனுடைய நிறுவனம் தள்ளாடுவதைப் பாங்கு நன்கறியும். நிறுவனம் நல்ல நிலையில் உள்ளது போன்ற தோற்றம் குலையாதிருக்க, சில காசோலைகளை ஏற்றும் சிலவற்றைத் திருப்பியும் வந்தது அந்தப் பாங்கேதான். இவ்வளவும் அறிந்தவர், பிறருடைய இயலாமையைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ளுதல் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்பதே நீதிபதிகள் மேசன், டீன் ஆகியோர் தந்த விளக்கத்தின் சாரம்.

இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். எனக்குத் தெரியாது என்னும் சொல் தனித்து நின்று எவரையும் காப்பதில்லை. கடன் கொடுத்தவர் எதனைக் கண்டார், எதனை அறிந்தார் என்பதிலேயே வழக்கின் உயிர் நிற்கிறது. குட்மேஸ் மூதாட்டியைக் கட்டடச் சங்கம் கண்டதே இல்லை. அடிலெய்டு முதியவர்களைப் பாங்கு அவர்கள் சமையலறையிலேயே கண்டது.

அன்பர்களே, அயல்நாட்டு வழக்குகள் நமக்கு எதற்கு என்று எண்ணுவீர். ஊர் விட்டு வந்து இந்நகரில் வேரூன்றிய நம் குடும்பங்களில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். மகன் அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்க முற்படுகிறான். அவன் ஊதியம் மட்டும் போதாது. ஓய்வூதியம் பெறும் தந்தையோ, ஊரில் தம் பெயரில் வீடு வைத்திருக்கும் தாயோ துணைக் கடனாளியாகச் சேர்க்கப்படுகின்றனர். அல்லது பிணை நிற்கின்றனர். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாங்கில் பேசுவது இவ்வூர் மொழி. அம்மாவுக்கோ தமிழ் மட்டும். மகன் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, விரல் காட்டிய இடத்திலெல்லாம் அம்மா கையொப்பமிடுகிறார். பேரப் பிள்ளைக்கு வீடு அமைகிறதே என்ற பூரிப்பு வேறு.

சட்டத்தின் பார்வையில் அப்பூரிப்புக்கு இடமில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, சேர்ந்து கடன்பட்டவர்களில் எவரேனும் ஒருவரிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கப் பாங்குக்கு உரிமை உண்டு. 128-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதப்பட்டாலன்றி, பிணை நின்றவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றே. வெறும் சாட்சிக் கையெழுத்து என்று மகன் சொன்னான் என்பது பத்திரத்தை மாற்றாது.

நலிந்தவர்க்கு நம் சட்டத்திலும் காப்பு உண்டு. வயதாலோ நோயாலோ துன்பத்தாலோ மனத்திறன் குன்றியவரிடம் ஒருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை 16-ஆம் பிரிவு ஐயத்தோடு நோக்குகிறது. கோஷா ஸ்திரீகள் எழுதிக் கொடுத்த பத்திரங்களைப் பற்றிப் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே ஒரு விதி வழங்கி வருகிறது: அப்பெண் கையொப்பமிட்டார் என்று காட்டினால் போதாது, பத்திரத்தின் தன்மையை உணர்ந்தே இட்டார் என்பதை, அப்பத்திரத்தால் பயன் கொள்பவரே மெய்ப்பிக்க வேண்டும். கோஷா முறையில் இல்லாத, ஆனால் கல்வியறிவற்ற பெண்களுக்கும் மன்றங்கள் இவ்விதியைப் பொருத்தியதுண்டு. கோஷா ஸ்திரீகள் பற்றிய இவ்விதியை 1962-இல் கர்பூஜா குவேர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் எடுத்துரைத்தது. ஆறாண்டுகள் கழித்து, நிங்கவ்வா வழக்கில் மற்றொரு கோட்டையும் வரைந்தது. பத்திரத்தின் இனத்தையே மாற்றிக் கூறி ஏமாற்றியிருந்தால் அப்பத்திரம் பிறப்பிலேயே செல்லாது. இனம் சரி, உள்ளே எழுதியது வேறு என்றால், ஏமாற்றப்பட்டவர் வழக்கிட்டு நீக்கும் வரை அது செல்லும். இவ்வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. வழக்கிட்டு நீக்க வேண்டிய பத்திரத்திற்கு, வஞ்சனை தெரிய வந்த நாளிலிருந்து மூன்றாண்டு என்று காலவரை உண்டு. பல குடும்பங்கள் மானம் கருதி வாய்மூடி இருப்பது இந்த மூன்றாண்டில்தான்.

பாங்கு இதனினும் விரைவாக நடக்கும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்றம் செல்லாமலேயே ஈடு வைத்த சொத்தை அது கைப்பற்றலாம். முதலில் 60 நாள் அவகாசத்துடன் ஓர் அறிவிப்பு வரும். அதற்கு மறுப்பு எழுதினால், பாங்கு 15 நாளில் விடை கூறியாக வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கிய பின் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். ஊரில் உள்ள நஞ்சை புஞ்சை மீது மட்டும் இச்சட்டம் பாயாது. வீட்டின் மீது பாயும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்ததென்று அலமாரியில் வைத்துவிட்டு, மகன் வந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த நாட்களை இழக்கின்றனர். மகனிடம் காட்டக் கூடாது என்பதன்று; அன்றே வேறொருவரிடமும் காட்ட வேண்டும் என்பதே.

கடனையே அறியேன் என்று வழக்காடுபவரை மன்றம் என்ன கேட்கும்? கடன் தொகை யார் கணக்கில் ஏறியது? மாதத் தவணை யார் கணக்கிலிருந்து இறங்கியது? மூலப் பத்திரத்தை ஒப்படைத்தவர் யார்? நகரங்களில் வீட்டுக் கடனுக்கு மூலப் பத்திரத்தைப் பாங்கில் ஒப்படைப்பதே ஈடு ஆகிவிடுகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. இரண்டாண்டு தம் ஓய்வூதியத்திலிருந்து தவணை போய்க்கொண்டிருந்தும் வாளாவிருந்தவர், மூன்றாம் ஆண்டில் அறியேன் என்றால், அது மன்றத்தில் எடுபடுவது அரிது. ஆகவே ஐயம் எழுந்தவுடன், கையொப்பமிட்ட எல்லாத் தாள்களின் நகலையும், பணம் பட்டுவாடா ஆன கணக்கையும் பாங்கிடம் எழுத்து மூலம் கேட்பதே முதல் வேலை. வழக்கறிஞர் அதற்குப் பின்னர்தான் பயன்படுவார்.

அண்மையில் ஒரு நல்ல விதி வந்துள்ளது. 2024 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு பிறப்பித்த ஆணையின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று அளிக்கப்பட வேண்டும். வட்டி, கட்டணம், ஆண்டுக்கு மொத்தச் செலவு விகிதம் யாவும் அதில் இருக்கும். அது கடன் வாங்குவோருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும்; அதனை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்; வீட்டுக் கடன் போன்ற நெடுநாட் கடன்களுக்கு, எண்ணிப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று.

ஆனால் அதே ஆணை, விளங்கிக்கொண்டேன் என்று கடன் வாங்குவோரிடம் ஒப்புதல் பெறவும் சொல்கிறது. இந்த ஒப்புதலே நாளை மன்றத்தில் பாங்கின் சாட்சியாக எழுந்து நிற்கும். வேற்று மொழியில் ஒப்பமிடுவோரிடமும் கைநாட்டு வைப்போரிடமும் பாங்குகள் வாங்கும் உறுதிமொழித் தாள் ஒன்றும் உண்டு. இன்னார் எனக்கு இன்ன மொழியில் படித்து விளக்கினார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த இன்னார் என்ற இடத்தில் மகனுடைய பெயர் எழுதப்படாமல், கடனில் பங்கில்லாத, தமிழ் அறிந்த ஒருவர் உண்மையிலேயே அமர்ந்து படித்துக் காட்டி, தம் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று அம்மா கேட்கலாம். பாங்கு அதிகாரி முகம் சுளிக்கக்கூடும். மகனும் சுளிக்கக்கூடும்.