கோட்டிங்கனில் விடைபெறும் முறை

“புறப்படும்போது அழுதீரா?” என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் வினவினார். அழுதேன், ஆனால் அழுகை வரும் என்று நான் எண்ணியிருந்த இடத்தில் அது வரவில்லை.

ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரில் பத்துத் திங்கள் ஆய்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருக்கிறேன். அவ்வூரில் விடைபெறுவதற்கென்றே சில முறைகள் உள்ளன. நம்மவருள் அடுத்துச் செல்வோர்க்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1737-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தை நம்பி வாழும் ஊர் அது. பழைய நகர மண்டபத்தின் முன்னே ஒரு நீரூற்று. அதன் நடுவே, வாத்துகளுடன் நிற்கும் சிறுமியின் சிலை. ‘கென்ஸலீஸல்’ என்பது அவள் பெயர், 1901-இல் நிறுவினார்கள். முனைவர் பட்டத் தேர்வில் வென்றவரைத் தோரணம் கட்டிய கைவண்டியில் அமர்த்தி, நண்பர்கள் தெருவழியே இழுத்து வருவர். அவர் நீரூற்றின்மேல் ஏறி, அவளுக்குப் பூங்கொத்து அளித்து முத்தமிட வேண்டும். 1926-இல் இதற்குத் தடை விதித்தார்கள். தடையால் முத்தம் நிற்கவில்லை! இன்று அங்கு நிற்பது படிவச் சிலைதான். மூலச் சிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப்பற்றியும் எவரும் கவலைப்படுவதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்து மூத்தவர் ஒருவர் தேறியபோது மழையில் நானும் வண்டி இழுத்தேன். ஆனால் என்னைப்போல் பட்டம் பெறாமல் திரும்புவோர்க்கு அந்த உரிமை இல்லை. “இரவில் ஏறிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றனர் தோழர்கள். மனம் ஒப்பவில்லை.

எல்லார்க்கும் உரிய முறை வேறொன்று. நாட்டை விட்டுச் செல்பவர் நகர அலுவலகத்தில் ‘அப்மெல்டுங்’ என்னும் பெயர் நீக்கப் பதிவு செய்தல் வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வீட்டைக் காலி செய்தபின் இரண்டு வாரம் வரை அதற்குக் காலம் உண்டு. அங்குத் தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் வசூலிக்கும் வானொலிக் கட்டணத்தை நிறுத்த அது வேண்டும். நாம் ஊரில் ‘போய்வருகிறேன்’ என்போம். அப்படிவத்தில் ‘வருகிறேன்’ என்பதற்குக் கட்டம் இல்லை. எனினும் அலுவலர் அம்மையார் சான்றை நீட்டும்போது ‘மறுபடி காணும்வரை’ என்றே தம் மொழியில் விடைகொடுத்தார்.

முறையாக விடைபெற இயலாதவரும் உண்டு. 1933-இல் நாஜி அரசு யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து நீக்கியது. கணித மேதை எம்மி நோதர் அமெரிக்கா சென்று 1935-இல் அங்கேயே இறந்தார். மாக்ஸ் போர்ன் 1935-36-இல் ராமனின் அழைப்பில் பெங்களூரிலும் சில திங்கள் பணியாற்றினார். பின்னர் எடின்பரோ சென்றார். துரத்திய நகரமே 1953-இல் அவரைச் சிறப்புக் குடிமகனாக ஏற்றது. 1970-இல் கோட்டிங்கனிலேயே இறந்தார். அவர் கல்லறையில் குவாண்டம் இயற்பியலின் சமன்பாடு ஒன்று பொறித்திருக்கிறது. கடைசி ஞாயிறன்று அங்கு நெடுநேரம் நின்றேன். கண் கலங்கும் என்று எண்ணினேன், இல்லை.

மறுநாள், அறையில் சேர்ந்திருந்த வெற்றுப் புட்டிகளைக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்குள்ள பொறியில் இட்டால் புட்டிக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். பதினொரு புட்டிகள், 2.75 யூரோ. வழக்கமாக அந்தச் சீட்டைக் கொண்டு மறுநாளைக்கு ரொட்டி வாங்குவேன். இனி அவ்வூரில் எனக்கு மறுநாள் இல்லை. பொறியின் முன் அழுதுகொண்டு நின்றேன். பின்னால் நின்ற மூதாட்டி, எனக்குப் பொறியை இயக்கத் தெரியவில்லை என்று எண்ணி, கை நீட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்திச் சீட்டை எடுத்துக் கொடுத்தார்.