கருப்பை இல்லாத பெண் தாயாக முடியுமா? கருப்பை மாற்றுச் சத்திரசிகிச்சையும் மார்க்கத் தீர்ப்பும்

"பிள்ளை இல்லை" என்ற ஒரே பேச்சுக்குள் நாம் பல வேறுபட்ட நிலைகளை அடக்கி விடுகிறோம். கணவனின் விந்தணுவில் குறை இருக்கலாம். மனைவியின் சூல்குழாய் அடைபட்டிருக்கலாம். காரணமே கண்டுபிடிக்கப்படாமலும் இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் முயன்று பார்க்க ஏதோ ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆனால் கருப்பையே இல்லாத பெண்ணுக்கு அண்மைக்காலம் வரை வைத்தியத்துறையிடம் பதில் இருக்கவில்லை.

இவர்களில் ஒரு சாரார் பிறவியிலேயே கருப்பை இல்லாதவர்கள். எம்.ஆர்.கே.எச். எனப்படும் இந்நிலை ஏறத்தாழ 4,500 தொடக்கம் 5,000 வரையான பெண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுகிறது. சூலகங்கள் சரியாகவே இயங்கும். உடல் வளர்ச்சியும் மற்றப் பிள்ளைகளைப் போன்றதே. மாதவிடாய் மட்டும் வராது. "இன்னும் பெரியபிள்ளையாகவில்லையா?" என்று உறவினர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் ஸ்கேன் எடுக்கிறார்கள். மற்றொரு சாரார், பிரசவத்தின் பின் நிற்காத குருதிப்பெருக்கு, புற்றுநோய் போன்ற காரணங்களால் கருப்பையை அகற்ற நேர்ந்தவர்கள்.

வேறு சமூகங்களில் இவர்களுக்கு வாடகைத் தாய் என்ற வழி உண்டு. நமக்கு அது இல்லை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் அகடமி 1986இல் அம்மானில் கூடி, கணவன் மனைவிக்கிடையிலான சோதனைக்குழாய் சிகிச்சையைத் தேவையின் பேரில் அனுமதித்தது. மூன்றாவது ஒருவரின் விந்து, முட்டை, கருப்பை எதுவும் இடையில் வருவதைத் தடுத்தது. அதற்கு முன், 1984இல் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை, ஒரே கணவனின் இன்னொரு மனைவி கருவைச் சுமப்பதற்கு இடமளித்திருந்தது. மறு வருடமே அதையும் வாபஸ் பெற்றது. முட்டை ஒருத்தியுடையது, சுமந்து பெற்றவள் இன்னொருத்தி என்றால் தாய் யார் என்ற சிக்கல் தீரவில்லை. ஸூரா அல்முஜாதலாவின் இரண்டாம் வசனம் தாயைப் பெற்றெடுத்தவளோடு இணைத்துப் பேசுவதை இங்கு பலர் சுட்டிக்காட்டுவார்கள்.

கருப்பை மாற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை என்பதைத்தான் நமது வாசகர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். முட்டை மனைவியுடையது, விந்து கணவனுடையது, சுமந்து பெறுபவளும் அதே மனைவி. பரம்பரை இயல்புகளைக் கடத்துவது சூலகத்தின் முட்டையே தவிர கருப்பை அல்ல. இந்த வேறுபாட்டின் மீதே 1990 மார்ச்சில் ஜித்தாவில் நடந்த அதே அகடமியின் ஆறாவது அமர்வு தன் தீர்மானத்தை எடுத்தது. விதை, சூலகம் ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவது ஹராம். பரம்பரை இயல்புகளைக் கடத்தாத ஏனைய இனப்பெருக்க உறுப்புகளை, வெளி மறைவுறுப்புகள் தவிர, ஷரீஆ ஏற்கும் தேவைக்காக மாற்றலாம்.

பத்து வருடங்களுக்குப் பிறகு அதே ஜித்தாவில்தான் நவீன வைத்திய வரலாற்றின் முதலாவது கருப்பை மாற்று முயற்சி நடந்தது. 2000 ஏப்ரலில் பெண் வைத்தியர் வபா பகீஹ் தலைமையிலான குழு, பிரசவக் குருதிப்பெருக்கால் கருப்பையை இழந்த 26 வயதுப் பெண்ணுக்கு 46 வயதுப் பெண்ணின் கருப்பையைப் பொருத்தியது. 99ஆவது நாளில் குருதிக்குழாய்கள் உறைந்து அடைபட்டதால் அதை அகற்ற வேண்டியதாயிற்று. 2011இல் துருக்கியின் அந்தாலியாவில், இறந்த பெண்ணொருவரின் கருப்பை, பிறவியில் கருப்பை இல்லாத ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. கருச்சிதைவுகளைக் கடந்து அவர் பிள்ளை பெற்றது 2020இல். ஒன்பது வருடக் காத்திருப்பு! முதல் குழந்தையைக் கண்டது சுவீடன். மெட்ஸ் பிரன்ஸ்ட்ரோம் குழுவினர் ஒன்பது பெண்களுக்குப் பொருத்தியதில் இருவருக்கு ஆரம்ப மாதங்களிலேயே அகற்ற நேர்ந்தது. மீதமுள்ளவர்களில் ஒருவர் 2014 செப்டம்பரில் ஆண் குழந்தையைப் பெற்றார். கருப்பை தந்தவர் 61 வயதான குடும்ப நண்பி.

இது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. பொருத்தும் கருப்பையோடு சூல்குழாய்கள் இணைக்கப்படுவதில்லை. ஆகவே இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது. முதலில் முட்டைகளை எடுத்து, கணவனின் விந்தோடு சேர்த்து, முளையங்களை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். பின்னர் சத்திரசிகிச்சை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்க, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் அவதானித்த பிறகே முளையத்தை உள்ளே வைப்பார்கள். நரம்புகளும் இணைக்கப்படாததால் பிரசவ வலி தெரியாது. பிள்ளையை எடுப்பது சிசேரியன் மூலமே. சுவீடன் தாய்க்குக் கர்ப்பகால இரத்த அழுத்தம் ஏறியதால் 31 வாரங்களிலேயே பிள்ளையை எடுக்க வேண்டி வந்தது. ஓரிரு பிரசவங்களின் பின் கருப்பையை அகற்றி விடுவார்கள். அந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை, தொற்று நோய்களுக்கும் இடமளிப்பவை. வாழ்நாள் முழுக்க அவற்றைக் குடிக்க வைப்பது நியாயமல்ல.

தருபவளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுவீடன் சத்திரசிகிச்சைகளில் உயிரோடுள்ள பெண்ணிடமிருந்து கருப்பையை எடுக்க மட்டும் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் சென்றது. சாதாரணக் கருப்பை அகற்றலைப் போலன்றி, மெல்லிய குருதிக்குழாய்களைச் சிறுநீர்க்குழாயின் அருகிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். 1988இல் பிக்ஹ் அகடமி எடுத்த உறுப்பு மாற்றுத் தீர்மானம், உயிரோடுள்ள ஒருவரின் அடிப்படைத் தொழிற்பாடொன்றை இல்லாமலாக்கும் உறுப்பை எடுப்பதைத் தடுக்கிறது. இனிப் பிள்ளை பெறும் வயதிலுள்ள தங்கையிடம் கருப்பையைக் கேட்பது இந்தத் தடைக்குள் வராதா என்று நான் கேட்பேன். மாதவிடாய் நின்ற தாயின் நிலை வேறு. 2017இல் இந்தியாவின் புனேயில் ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்தார். மறு வருடம் பேரப்பிள்ளை கிடைத்தது. ஆனாலும் தாய்மாரை "உங்கள் மகளுக்காகத்தானே" என்று மாமியார் வீட்டார் நெருக்கினால் அது நன்கொடையாகாது. பணம் கொடுத்து உறுப்பு வாங்குவதற்கோ மார்க்கத்தில் இடமே இல்லை.

நமது உலமாக்களிடம் இக்கேள்வி வரும்போது "உறுப்பு மாற்று கூடுமா?" என்று பொதுவாகக் கேட்காமல், யாருடைய கருப்பை, அவருடைய வயது என்ன, உயிரோடிருப்பவரா, வெற்றிக்குள்ள வாய்ப்பு எவ்வளவு என்பவற்றையும் வைத்தியரின் எழுத்து மூல அறிக்கையோடு சேர்த்துக் கேட்பது நல்லது. உயிரைக் காப்பதற்கான சிகிச்சை அல்ல என்பதால் ஆபத்துக்கும் பயனுக்கும் இடையிலான நிறை இங்கு இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது.

எம்.ஆர்.கே.எச். உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு இன்னொரு விடயம். முட்டைகளின் தரம் வயதோடு குறைகிறது. பதினாறு வயதில் தெரிந்ததை "கலியாணம் முடிந்தால் சரியாகிவிடும்" என்று மூடி வைத்து, நிகாஹுக்குப் பிறகு கணவனுக்குத் தெரிய வரும்போது தலாக் வரை போன சம்பவங்களை நாம் கேள்விப்படுகிறோம். பெண் நோயியல் வைத்தியரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். பெண் பார்க்க வரும் குடும்பத்துக்கு நிகாஹுக்கு முன்பே சொல்லுங்கள். கருப்பை இல்லை என்பதையும், சூலகங்கள் நன்றாக இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.