நீரிழிவுள்ள பிள்ளையும் பள்ளிக்கூடமும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவப் பெருந்தகை ஓர் அரிய கருத்தைச் சொல்லி வைத்தார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்பது அதன் கருத்து. முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை. நான்காமவரைத்தான் மறந்துவிடுகிறோம். நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் காலை முதல் பிற்பகல் வரை அந்த நான்காமவர் யார்? வகுப்பாசிரியர்தான். அவரிடமே நோயை மறைத்தால் வைத்தியம் முழுமையாகுமா? பக்தப் பெருமக்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் நோக்கத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இனிப்பு தின்றதால் வருவதன்று

நம்மவர் 'இனிப்பு நீர்' என்று பொதுவாகச் சொல்லும் நோய் ஒரே வகைப்பட்டதன்று. பெரியவர்களிடம் பரவலாகக் காண்பது இரண்டாம் வகை. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் உண்ட உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். உடலோ பட்டினி கிடக்கும். தாய் செல்லமாக மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால் இது வருவதில்லை. முன்வினைப் பயனும் அன்று. பக்கத்தில் அமரும் பிள்ளைக்குத் தொற்றுவதும் இல்லை.

1921-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் இன்சுலின் ஆய்வில் வெற்றி கண்டனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளே இன்று உலக நீரிழிவு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இன்சுலினை விழுங்கினால் வயிறு அதனைச் செரித்துவிடும் என்பதால்தான் ஊசி தேவைப்படுகிறது. பாகற்காய்ச் சாறோ, வேப்பங்கொழுந்தோ, தாயத்தோ அதற்கு ஈடாகா. நேர்த்திக்கடன் வைத்துவிட்டோம் என்று ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். வேண்டுதலும் நடக்கட்டும்; ஊசியும் நடக்கட்டும்.

ஆசிரியர் கண்ணில் படும் அறிகுறிகள்

அடிக்கடி கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது, ஓயாத தாகம், உடல் மெலிதல், சோர்வு, பழக்கம் நின்றுபோன பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். "பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாயா?" என்று அதட்டுவதற்கு முன் ஆசிரியர் ஒரு கணம் யோசிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை என்ற நிலை வந்துவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

ஊசி போடத் தொடங்கிய பிறகு, சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. சாப்பாடு தாமதமானாலும், ஓடியாடி விளையாடினாலும் இது நேரலாம். கை நடுக்கம், வியர்வை, முகம் வெளுத்தல், பசி, காரணமில்லாத கோபம், கேட்டதற்குப் பொருத்தமில்லாத பதில் ஆகியவை இதன் அடையாளங்கள். அறியாதவர் கண்ணுக்கு இது இடும்பாகவே தெரியும்.

மறைப்பதால் வரும் கேடு

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நான்காம் ஆண்டில் படித்த பெண் பிள்ளைக்கு இந்நோய் கண்டது. "பொம்பளப் புள்ள. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா எவன் கேட்டு வருவான்? வெளியில மூச்சு விடாதீங்க" என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கும் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது பிள்ளை பாதியில் உட்கார்ந்துகொண்டு, எழச் சொன்ன ஆசிரியரை எதிர்த்துப் பேசினாள். ஆசிரியர் வெயிலில் நிற்க வைத்தார். சற்று நேரத்தில் அவள் சரிந்து விழுந்தாள். நல்லவேளையாக நினைவு தப்பவில்லை. சிற்றுண்டிச்சாலை அம்மாள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தேறினாள்.

அந்த ஆசிரியரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? மறுவாரம் தாயார் மருத்துவரின் கடிதத்தோடு சென்று எல்லாவற்றையும் விளக்கினார். அதே ஆசிரியரின் மேசை இழுப்பறையில் இப்போது பழச்சாறுப் பொட்டலம் தயாராக இருக்கிறது. பிள்ளையும் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

1. கழிவறைக்குச் செல்லவும் தண்ணீர் குடிக்கவும் எந்நேரமும் அனுமதி.

2. வகுப்பிலேயே விரலில் குத்திச் சர்க்கரை அளவைச் சோதிக்கவும், தேவையானபோது சிற்றுண்டி உண்ணவும் அனுமதி. கையில் ஒட்டும் உணரியின் அளவைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் பிள்ளையாயின் அதற்குத் தனி அனுமதி.

3. இன்சுலின் போட்டுக்கொள்ளத் தூய்மையான, மறைவான இடம். கழிவறை அதற்கு ஏற்ற இடமன்று. புதிய இன்சுலினை ஆசிரியர் அறைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், உறைபெட்டியில் வைக்கலாகாது. வெயிலில் நிற்கும் காரில் விட்டு வைப்பதும் கூடாது.

4. ஓய்வு நேரத்தில் தாமதமின்றி உணவு. நோன்பு மாதத்தில் உணவு உண்ணும் இடம் மாறினால் அதனையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

5. உடற்கல்வியிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் விலக்காமல், வேண்டிய ஏற்பாட்டுடன் சேர்த்துக்கொள்ளுதல்.

6. தேர்வு மண்டபத்திற்குள் சர்க்கரை வில்லை, தண்ணீர், சோதனைக் கருவி ஆகியவற்றுக்கு இடம். எஸ்.பி.எம். போன்ற அரசுத் தேர்வாயின் பள்ளி வழியாக முன்கூட்டியே கேட்க வேண்டும்.

7. சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதை இரண்டு மூன்று ஆசிரியர்களாவது அறிந்திருத்தல். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சிறு குழந்தைக்கு மருத்துவர் குறித்த அளவே சரி. சாக்லேட் மெதுவாகவே வேலை செய்யும். பிள்ளையைத் தனியே அலுவலகத்திற்கு அனுப்பக் கூடாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும்.

கேட்கும் முறை

நம் அரசாங்கப் பகல்நேரப் பள்ளிகளில் தாதியர் நிரந்தரமாக இருப்பதில்லை. சுகாதாரக் குழு எப்போதாவது வந்து போகும். ஆகவே பெற்றோர்தான் முன்வர வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ, பிள்ளை சிகிச்சை பெறும் இடத்தில் மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர், மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் மூவரையும் ஒருசேரச் சந்தியுங்கள். பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி, தொலைபேசி எண்களும் சேர்த்து, ஆளுக்கொரு படி கொடுங்கள். வாய்ப்பேச்சு ஆசிரியர் மாறியதும் மறைந்துவிடும், எழுத்து நிற்கும். பிள்ளை இடைநிலைப் பள்ளிக்கு மாறும்போது இதனை மறுபடியும் செய்ய வேண்டும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசிய நீரிழிவுச் சங்கத்தையும் நாடலாம்.

2003 முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயமாகும். நோயைக் காட்டிப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதற்கில்லை. 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தை ஒட்டிய அட்டைப் பிரிவுகளில் முதல் வகை நீரிழிவு தனிப் பிரிவாக இல்லை. அட்டை இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். மருத்துவர் கடிதமே வலுவான சான்று. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நோயுள்ள மாணவருக்கு வேண்டிய ஏற்பாடு செய்வதைப் பள்ளிகளின் கடமையாக்கியது. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் சர்க்கரை வில்லையும் பழமும் தண்ணீரும் தேர்வு மண்டபத்திற்குக் கொண்டுவர 2017-இல் அனுமதித்தது. ஆகவே நாம் கேட்பது உலகில் இல்லாத சலுகையன்று.

கோயிலில் நம் கடமை

இப்பிள்ளைகள் கோயிலுக்கும் வருகிறார்கள். "உனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடையாது" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லி அக்குழந்தையின் முகத்தை வாடவைக்க வேண்டாம். உண்ணும் அளவுக்கேற்ப ஊசியைக் கணக்கிடப் பெற்றோருக்குத் தெரியும். ஊசி போட்டுவிட்டு அன்னதான வரிசையில் நெடுநேரம் காத்திருப்பதுதான் ஆபத்து. பெற்றோர் வந்து சொன்னால் தொண்டர்கள் காரணம் கேட்டுக்கொண்டிராமல் முன்னே விட வேண்டும். தைப்பூச விரதத்தை மருத்துவரைக் கேளாமல் பிள்ளைக்கு விதிக்காதீர்கள். பிள்ளையின் பெயரால் பெற்றோர் விரதமிருந்து பால்குடம் எடுத்தால் முருகன் ஏற்காமலா போய்விடுவான்?

கல்வி நிதிக்கு நன்கொடை வழங்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புத்தகப் பையும் சீருடையும் கொடுக்கும் கைகள், சோதனைத் தாள் வாங்க முடியாத ஒரு குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளட்டும். பெற்றோர் மறைக்காமல் சொல்லட்டும். ஆசிரியர் செவிசாய்த்துக் கேட்கட்டும். அருகிலிருக்கும் நாம் அனைவரும் வள்ளுவர் சொன்ன அந்த நான்காமவராக இருப்போம். பிள்ளைகள் யாவரும் நலமுடன் கற்று உயர இறைவன் திருவருள் துணை நிற்பதாக.