எதிரொலி காட்டும் பழுது

நுழையும்முன்

உள்ளே மறைந்திருக்கும் குறையை, பொருளை உடைக்காமலே அறிவது எப்படி? மண்பாண்டம் வாங்குவோர் அதை விரலால் தட்டிப் பார்ப்பது இவ்வினாவுக்குக் கிடைத்த மிகப் பழைய விடை. மண்ணுக்கடியிலும் கம்பங்களின் மேலும் செல்லும் தொலைத்தொடர்புத் தடங்களைச் சோதிப்போர் கையாளும் வழியும் அதனோடு உறவுடையதே. அவ்வழியின் அறிவியலையும் அதற்குத் தேவையான மனிதக் கூர்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

பீங்கான் நகரின் பாடம்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், விருத்தகிரீசுவரர் கோயிலாலும் தொடர்வண்டிச் சந்திப்பாலும் பெயர்பெற்ற ஊராகும். அதற்குப் பீங்கான் நகரம் என்னும் சிறப்பும் உண்டு. அகல்விளக்குகள், பொம்மைகள், மின்சாதனங்களில் பொருத்தும் பீங்கான் உறுப்புகள் முதலியன இங்கு உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் நிறுவனமும் இவ்வூரில் உள்ளது.

சூளையிலிருந்து வெளிவந்த கலங்கள் அனைத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். அவற்றுள் ஏதேனும் ஒன்றில், மெருகுக்கு அடியில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத அவ்விரிசல் காதுக்குப் புலப்படும். குறையற்ற கலத்தைத் தட்டினால் கணீரென்ற ஒலி எழுந்து சற்று நேரம் நீடிக்கும். விரிசலுற்ற கலம் மந்தமாக ஒலித்து உடனே அடங்கிவிடும். விரிசலின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்கிவிடுவதே இதற்குக் காரணம். சிறு துடிப்பு ஒன்றை உள்ளே செலுத்துதல், அது எவ்வாறு மாறித் திரும்புகிறது எனக் கவனித்தல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சோதனை.

கம்பியும் பீங்கானும்

இந்தியாவில் 1851ஆம் ஆண்டு கொல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே தந்தித்தடம் செயல்படத் தொடங்கியது. வில்லியம் ஓஷாக்னசி என்பவர் அப்பணிக்குத் தலைமை ஏற்றிருந்தார். பின்னர் நாடெங்கும் பரவிய தந்திக் கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் கம்பங்களின் உச்சியில் தாங்கி நின்றவை பீங்கான் காப்பிகள். கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஈரக் கம்பத்தின் வழியே மண்ணுக்குள் கசிந்துவிடாமல் அவை காத்தன. காப்பியில் விரிசல் விழுந்தாலோ அதன்மேல் தூசியும் ஈரமும் படிந்தாலோ மின்னோட்டம் கசிந்து, செய்தி வலுவிழந்தது.

கசிவை அளக்க மெகர் என்னும் கருவி பயன்பட்டது. அது கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள காப்புத்தடையை மெகா ஓம் அலகில் காட்டும். பழுது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறிய மற்றொரு வழி கைகொடுத்தது. ஒரே தடிமனுள்ள கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே, வீட்ஸ்டன் சமனச்சுற்றின் துணையால் மின்தடையை அளந்து, பழுதுள்ள இடத்தின் தொலைவைக் கணக்கிட்டனர். நூறு கம்பங்களிலும் ஏறிப் பார்க்கவேண்டிய உழைப்பை ஒரு விகிதக் கணக்கு மிச்சப்படுத்தியது.

அடுத்து வந்தது துடிப்பெதிரொலி முறை. செம்புக் கம்பியில் குறுகிய மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், பழுதுள்ள இடத்தில் மோதி அதன் ஒரு பகுதி திரும்பி வரும். கம்பி அறுந்திருந்தால் துடிப்பு நிமிர்ந்தபடியே திரும்பும். இரு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தலைகீழாகத் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரம் தொலைவைச் சொல்லும்; திரும்பிய வடிவம் பழுதின் வகையைச் சொல்லும்.

பழுதை மறைக்கும் எண்ணியல் முறை

பழைய தொலைபேசித் தடம் பழுதடையும்போது முன்கூட்டியே முறையிடும். முதலில் இலேசான கரகரப்பு எழும். பிறகு குரல் தேயும். இறுதியில் தொடர்பு அறும். டிஜிட்டல் என வழங்கும் எண்ணியல் தடத்தின் இயல்பு வேறு. அதில் குரல், படம், எழுத்து யாவும் 0, 1 என்னும் இரண்டு குறிகளாகவே செல்கின்றன. வந்து சேரும் குறி ஓரளவு மங்கியிருந்தாலும், பெறும் கருவி அதை 0 அல்லது 1 எனத் தெளிந்து புதிதாக எழுதிக்கொள்ளும். ஆகவே, தடம் பாதி நலிந்த நிலையிலும் பயன்படுத்துவோருக்கு எக்குறையும் தெரியாது. நலிவு ஓர் எல்லையைக் கடந்ததும் தொடர்பு திடீரென முறிந்துவிடும்.

எண்ணியல் முறையின் வலிமையே இவ்வாறு அதன் ஆபத்தாகவும் அமைகிறது. எனவே, 'பேச முடிகிறது. ஆகவே தடம் நன்றாக உள்ளது' என்று முடிவு செய்ய இயலாது. மறைந்து வளரும் நலிவைக் காலத்தில் அறியக் கருவி தேவைப்படுகிறது.

பிழைகளை எண்ணுதல்

அத்தகைய கருவிகளுள் ஒன்று பிட் பிழை அளவி. இந்தியத் தொலைபேசி வலையமைப்பில் நெடுங்காலம் அடிப்படை அலகாக விளங்கிய தடம் நொடிக்கு 20,48,000 பிட்டுகளைச் சுமப்பது. அது நொடிக்கு 64,000 பிட் கொண்ட 32 பிரிவுகளால் ஆனது. அவற்றுள் 30 பிரிவுகள் உரையாடல்களுக்கு உரியவை.

பிட் பிழை அளவி, ஒழுங்கற்றதுபோல் தோன்றும் ஒரு பிட் வரிசையைத் தடத்தில் அனுப்பும். அவ்வரிசை உண்மையில் ஒரு விதிப்படி அமைந்தது. பெறும் முனையும் அவ்விதியை அறியும். வந்த வரிசையை வரவேண்டிய வரிசையோடு ஒப்பிட்டு, மாறிய பிட்டுகளைக் கருவி எண்ணும். பத்து இலட்சம் பிட்டுகளுக்கு ஒன்று தவறினாலும், மேற்கூறிய தடத்தில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு பிழைகள் நேரும். உரையாடலில் அது பெரிதும் உணரப்படாது. கோப்புகளை அனுப்பும்போதோ, பிழையுற்ற பகுதிகளை மீண்டும் மீண்டும் அனுப்ப நேர்ந்து வேகம் குன்றும்.

பிழை எப்பகுதியில் நேர்கிறது என்பதை மீள்சுற்றுச் சோதனை காட்டும். விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, கடலூர் வழியாகச் செல்லும் ஒரு தடத்தில் பிழை மிகுகிறது எனக் கொள்க. முதலில் நெய்வேலி நிலையத்தில் தடத்தைத் திருப்பி, அனுப்பிய வரிசை விருத்தாசலத்துக்கே மீளுமாறு செய்வர். பிழை இல்லையெனில் அதுவரை தடம் நலமாக உள்ளது. அடுத்துக் கடலூரில் திருப்புவர். இப்போது பிழை தோன்றினால், பழுது நெய்வேலிக்கும் கடலூருக்கும் இடைப்பட்டது என்பது உறுதியாகும்.

ஒளி கொண்டுவரும் எதிரொலி

இன்று நெடுந்தொலைவுச் செய்திகளைச் சுமப்பது ஒளியிழை. தலைமுடியையொத்த பருமனுடைய அந்தக் கண்ணாடி இழையின் நடுவில், ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உள்ளகத்தின் வழியே ஒளி செல்கிறது. அதைச் சோதிக்கும் முதன்மைக் கருவியைத் தொழில்நுட்பர்கள் ஓ.டி.டி.ஆர். எனச் சுருக்கமாக அழைப்பர். ஒளித்துடிப்பைச் செலுத்தி, அதன் எதிரொளியைக் காலத்தோடு பொருத்திக் காட்டும் கருவி அது.

கண்ணாடி எத்துணைத் தூயதாயினும் அதனூடே செல்லும் ஒளியில் மிகச் சிறு பகுதி சிதறவே செய்யும். இது ராலே சிதறல் எனப்படும்; வானம் நீலமாகத் தோன்றவும் இதுவே காரணம். அவ்வாறு சிதறிப் பின்னோக்கி வரும் நுண்ணொளியைக் கருவி இடைவிடாது அளக்கிறது. இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.468 ஆதலால், அதனுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2.04 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். துடிப்பு போய்த் திரும்ப 94 மைக்ரோநொடி ஆயிற்று எனில், கடந்த மொத்தத் தொலைவு ஏறத்தாழ 19.2 கிலோமீட்டர். போக்கும் வரவும் அதில் அடங்குவதால், எதிரொளி எழுந்த இடம் 9.6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியிழை நெடுந்தொலைவுத் தொடர்புக்கு உதவும் என்பதைச் சார்லஸ் காவோ 1966இல் விளக்கினார். அதற்காக 2009ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இன்றைய இழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கிறது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகும். எனவே, இழையின் முனையை நேராக உற்றுப் பார்த்தல் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கும்.

வரைகோட்டைப் படித்தல்

கருவியின் திரையில் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு தோன்றும். சீரான சரிவு இழையின் இயல்பான இழப்பைக் குறிக்கும். சிறு படிபோன்ற இறக்கம், இரு இழைகளை உருக்கி இணைத்த இடத்தைக் காட்டும். கூரிய முகடு, இணைப்பியையோ முறிவையோ சுட்டும். முகட்டுக்குப் பின் கோடு அடித்தளத்தில் விழுந்து நடுங்கினால், அதற்கப்பால் ஒளி செல்லவில்லை என்பது பொருள்.

கருவி கோட்டைத்தான் வரையும். பொருளை மனிதரே காணவேண்டும். சான்றாக, ஒரு படியிறக்கம் மோசமான இணைப்பினாலும் வரலாம். வடம் அளவுக்கு மீறி வளைந்ததாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய 1310, 1550 நானோமீட்டர் ஆகிய இரு அலைநீளங்களில் சோதிப்பர். நீண்ட அலைநீளத்தில் இழப்பு தெளிவாக மிகுந்திருந்தால் அது வளைவின் அடையாளம். அவ்விடத்தில் வெட்டி ஒட்டவேண்டிய தேவையில்லை; வளைவை நிமிர்த்தினாலே போதும்.

தொலைவைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். 9.6 கிலோமீட்டர் என்பது இழையின் நீளமேயன்றிச் சாலையின் நீளமன்று. வடத்துக்குள் இழை சற்று முறுகிச் செல்லும். இணைப்புப் பெட்டிகளில் சில மீட்டர் இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, சாலையை 9.6 கிலோமீட்டர் அளந்து தோண்டுபவர் பழுதைத் தாண்டிச் சென்றுவிடுவார். அனுபவம் உடையவர், இடம் அறிந்த அண்மை இணைப்பிலிருந்து எஞ்சிய தொலைவைக் கணக்கிடுவார்.

பீங்கான் முனையும் தூசியும்

தந்திக் காலத்தில் கம்பியைத் தாங்கிய பீங்கான், ஒளியிழைக் காலத்திலும் விடைபெறவில்லை. இழைகளை இணைக்கும் இணைப்பியின் முனையில் சிர்கோனியா என்னும் உயர்வகைப் பீங்கானால் ஆன சிறு உருளை உள்ளது. பெருவழக்கான ஒரு வகையில் அதன் விட்டம் 2.5 மில்லிமீட்டர். அதன் நடுவிலுள்ள நுண்துளை 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழையைப் பிடித்து, எதிர் இழையோடு நேர்நிறுத்துகிறது. உள்ளகத்தின் விட்டம் 9 மைக்ரோமீட்டரே என்பதால், ஒரு தூசித்துகள் படிந்தாலும் ஒளியின் பாதை அடைபடும். எனவே, இணைக்குமுன் முனையை நுண்ணோக்கியில் பார்ப்பதும் துடைப்பதும் கட்டாயம். பல மணிநேரம் தேடிய பழுது, ஒருமுறை துடைத்ததில் தீர்ந்துவிடுவதும் உண்டு.

நலமான நாளின் பதிவு

2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் பெருமளவில் சாய்ந்தன. அத்தகைய நாளில்தான் 108 அவசர ஊர்திக்கான அழைப்பும் நிவாரணப் பணிக்கான செய்தியும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணி பாரத்நெட் திட்டத்தின்கீழ் மேற்கொள்ளப்பட்டது. அதன் வடங்களில் பெரும்பகுதி கம்பங்களின் மேல் செல்வதால், புயல் நாளின் சோதனைத்திறன் மேலும் இன்றியமையாததாகிறது.

அந்நாளில் விரைந்து பழுதைக் காண உதவுவது, தடம் நலமாக இருந்த நாளில் எடுத்த பதிவாகும். புதிதாகத் தடம் அமைத்தவுடன் ஒவ்வோர் இழையின் வரைகோட்டையும் பதிந்து வைப்பர். எந்தப் படி எந்த இணைப்பு, அது எந்த ஊரின் எந்தக் கல்லுக்கு அருகில் உள்ளது என்பதையும் குறித்து வைப்பர். பழுதுற்ற நாளின் கோட்டை அதன்மேல் பொருத்திப் பார்த்தால் புதிய குறை ஒன்று மட்டும் தனித்துத் தெரியும். அப்பதிவு இல்லையெனில், விலைமிக்க கருவி கையில் இருந்தும் பழைய இணைப்புக்கும் புதிய பழுதுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

நல்ல கலத்தின் ஒலியைப் பலமுறை கேட்டறிந்த காதுதான் விரிசலின் ஒலியை உடனே இனங்காணும். அதுபோலவே, நலமான தடத்தின் இயல்பை அறிந்து பதிந்து வைத்தவரே அதன் பழுதை விரைவில் காண்பர். புயல் ஓய்ந்த இரவில் ஒரு சிற்றூரின் தொடர்பு சில மணிநேரத்தில் மீள்வதும் பல நாள் மீளாமல் கிடப்பதும், எவரும் குறை சொல்லாத நாளில் செய்த அந்த அமைதியான பணியைப் பொறுத்தே அமைகின்றன.