மார்கழிக் கச்சேரி – 6: சீசன் டிக்கெட்டும் இடப்பக்க நாற்காலியும்

அமெரிக்காவில் கூடைப்பந்து பைத்தியம் பிடித்தவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு பெரிய யோசனை வரும். என்பிஏ அணி ஒவ்வொன்றும் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, அதாவது 41, சொந்த ஊரில். அத்தனை மாலைகளுக்கும் சேர்த்து ஒரே நாற்காலியை வாங்கப்போகிறவர் எதை வாங்குவது? ஆடுகளத்தை ஒட்டி உட்கார்ந்தால் வீரர்களின் ஷூ தரையில் கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். ஆனால் யார் எந்த இடைவெளியைப் பார்த்து ஓடுகிறார், பந்து ஏன் அங்கே போகிறது என்பதெல்லாம் சற்று உயரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் பிடிபடும். விலை கூடின இடம் ஒன்று, ஆட்டம் புரிகிற இடம் இன்னொன்று.

மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தி.நகர் பக்கம் ‘சீசன் டிக்கெட்’ என்றால் யாரும் விளையாட்டை நினைக்க மாட்டார்கள். டிசம்பர் மாதம்தான் ஞாபகம் வரும். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று வரிசையாக நினைவுக்கு வரும். போன வாரம் கேன்டீன் பற்றி எழுதியதும், எந்த சபாவில் எந்த வரிசையில் உட்காரலாம் என்று பலர் கேட்டார்கள். ஒரு அத்தியாயம் முழுக்கவே எழுதத் தகுந்த விஷயம் இது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. பல வருஷம் வெவ்வேறு இடங்களில் கச்சேரி நடத்திய பிறகுதான் அதற்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது. 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962இல் அரங்கம் திறக்கப்பட்டது. ஆயிரத்து அறுநூறு பேர் வரை அமரக்கூடிய அந்த அரங்கில் சில நாற்காலிகள் தலைமுறை கடந்து ஒரே குடும்பத்திடம் இருக்கின்றன. பழைய டிக்கெட்காரர் புதுப்பித்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் புதியவருக்கு என்பது பெரிய சபாக்களில் வெகுநாள் வழக்கம். அதனால் நல்ல இடத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, வரிசை வரிசையாக முன்னேறியவர்களும் உண்டு. முன்னேறுவதுதான் சரியா என்பதே என் கேள்வி.

எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மயிலாப்பூர் மாடவீதிக்காரர், முன்வரிசை கிடைத்தும் வாங்காமல் விட்டார். “ஏன் மாமா, கிடைச்சதை வேண்டாம்னுட்டேள்?” என்று கேட்டேன். “முன்னாடி உக்காந்தா பாடறவரைப் பாக்கலாம்டா. கச்சேரி கேக்கணும்னா கொஞ்சம் தள்ளித்தான் உக்காரணும்” என்றார். அவர் சொன்னது காதுக்குப் பொருந்துகிற கணக்கு. மைக் வருவதற்கு முன்னால் முன்வரிசைக்கு அர்த்தம் இருந்தது. பாடகரின் குரல் நேராக அங்கேதான் விழும். இன்று நாம் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியாக வருகிற குரல். மேடையின் இரு ஓரத்திலும் ஸ்பீக்கர் நிற்கும்போது முதல் இரண்டு வரிசையின் நடுவில் இருப்பவருக்கு மேடையின் நேர்ச்சத்தம் பாதி, ஸ்பீக்கர் சத்தம் பாதியாகக் கலந்து வரும். ஓரத்தில் இருப்பவருக்கோ ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதில் இடிக்கும். ஒலி அமைப்பாளரின் மிக்ஸர் மேஜை அரங்கின் பின்பாதியில் இருந்தால், அதற்கு இரண்டு மூன்று வரிசை முன்னால் உட்காருங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் குரலையும் வயலினையும் சமன் செய்கிறார்.

வரிசை இப்படி. பக்கம்? இதைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு; ஆனால் கச்சேரியின் பாதி ருசி இதில்தான் இருக்கிறது.

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். இது ஏதோ சம்பிரதாயத்துக்காக அமைந்ததல்ல. மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தவாறு உட்காரும்போது அவருடைய வலது கை சபையை நோக்கி வர வேண்டும். வலந்தலை எனும் வலப்பக்க முகத்தில்தான் கரணை இருக்கிறது. நம், தீம், சாப்பு என்று தெறிக்கிற சொற்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து பிறக்கின்றன. ரவை அப்பின இடப்பக்க முகமான தொப்பியின் கும்கி மேடையின் உட்பக்கம் திரும்பியிருக்கும்.

இடக்கை வாசிப்புக்காரருக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். வயலின்காரர் இடம் மாற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு (1908–1962) தொடக்க காலத்தில் வந்த சோதனை இதுதான். இடம் மாற வயலின் வித்வான்கள் தயங்கியதால் அவ்வளவு பெரிய லய மேதைக்கு வாய்ப்புகள் தட்டிப்போயின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். உட்காருகிற இடம் ஒரு கலைஞரின் வாழ்க்கையையே அசைத்துப் பார்த்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இப்போது ரசிகரின் பக்கத்துக்கு வருவோம். பாடகர் தாளம் போடுவது பெரும்பாலும் வலது கையால், வலது தொடையில். அது நமக்கு இடப்பக்கம். தனி ஆவர்த்தனத்தின்போது அவர் மிருதங்கக்காரருக்குத் தெரியும்படி கையைச் சற்று உயர்த்திப் போடுவார்; இடப்பக்கம் இருப்பவருக்கும் அது தெளிவாகத் தெரியும். கோர்வை எங்கே முடிகிறது, எடுப்பு சமத்திலா தள்ளியா என்று கூடவே எண்ணிக்கொண்டு போகலாம். வயலின்காரரோ இடப்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பார். அவருடைய முகமும் தந்திமேல் ஓடுகிற விரல்களும் நமக்கு எதிரே. ராக ஆலாபனையில் பாடகர் ஒரு நீண்ட பிடியை விட்டதும் அதை அவர் எடுக்கிற விதம், எடுப்பதற்கு முன் கண்ணில் வருகிற சிரிப்பு, நிரவலில் ‘இதோ வந்துட்டேன்’ என்பதுபோல் வில்லை நிமிர்த்துவது எல்லாம் அங்கிருந்து தப்பாது. வலப்பக்கம் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் முகம் கிடைக்கும். தாளக் கை மறைந்துபோகும். ஆகவே என் தீர்ப்பு: நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம், ஏழாவது வரிசைக்குப் பின்னால். முழங்கால் வலி இருப்பவர்கள் நடைபாதையை ஒட்டிய நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். ஏசி காற்று நேராக விழுகிற இடமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் குளிர் வயதானவர்களுக்குத் தாங்காது.

நாட்டியத்துக்கு வேறு கணக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்து உயரமான மேடையை அண்ணாந்து பார்த்தால் பாதமே தெரியாது; சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். அரைமண்டியின் கோடும், மேடை முழுக்க அடவு விரிகிற வடிவமும் பிடிபட வேண்டுமானால் நடுவில், நல்ல தூரத்தில் உட்கார வேண்டும். கண்ணில் நடக்கிற அபிநயம் தூரத்தில் மங்கும் என்பது உண்மைதான். பதம், ஜாவளிக்காகவே போகிறவர்கள் நான்காவது ஐந்தாவது வரிசையோடு நின்றுகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனமில்லை. விடிகாலையில் கவுன்ட்டர் வாசலில் தினசரி டிக்கெட்டுக்கு நின்று, கிடைக்காமல் திரும்புகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று மாலையே உள்ளே போனால் முன்பாதியில் சீசன் டிக்கெட் நாற்காலிகள் திட்டுத் திட்டாகக் காலியாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கிறார்கள், உடம்பு சரியில்லை, இன்னொரு சபாவில் வேறு கச்சேரி. காரணங்கள் எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு மாணவி உட்கார்ந்து கேட்டிருக்கலாம். வர முடியாத நாளுக்கான டிக்கெட்டை முந்தின நாளே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் பாட்டு கற்கிற பெண், உங்கள் பேரனின் மிருதங்க வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. சபாக்களும் வராதவர்களின் இடத்தை முறையாக அறிவிக்கச் சொல்லி, அதை மாணவர்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். கைப்பேசி இருக்கிற காலத்தில் இது பெரிய வேலையே இல்லை.

முதன்முறையாக வாங்க நினைப்பவர்கள் இந்த வருஷம் சீசன் டிக்கெட் எடுக்காதீர்கள். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது, கூட்டமும் குறைவு. ஒரே கச்சேரியில் ராகம் பாடும்போது ஒரு பக்கமும், ஒரு கீர்த்தனை முடிந்ததும் இன்னொரு பக்கமும், தனிக்கு பால்கனியும் என்று மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள். உங்கள் காது எங்கே நிலைகொள்கிறதோ அந்த வரிசை எழுத்தையும் எண்ணையும் பஞ்சாங்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் விண்ணப்பம் வரும்போது அதையே கேளுங்கள்.

(தொடரும்)