கன்சல்டிங்கும் கம்பெனி வேலையும்: எப்போது மாறலாம்?

எஸ்ஏபி தெரிந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. கன்சல்டன்டாகப் போனால் ஒரு கம்பெனிக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்து, கோ-லைவ் ஆன பின் சில வாரம் கூட இருந்துவிட்டு, அடுத்த கிளையன்டுக்குக் கிளம்ப வேண்டும். கம்பெனியிலேயே ஐடி பிரிவில் சேர்ந்தால், அதே மென்பொருளோடு வருடக்கணக்கில் குப்பை கொட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே போய் வரலாம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும்.

கன்சல்டிங்கில் இன்று சிமென்ட், நாளை மருந்து என்று அனுபவம் மளமளவெனச் சேரும். ஆனால் நாம் அமைத்தது சரிதானா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு கொடுக்கும் கம்பெனி 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். 19-ஆம் தேதி சாயங்காலம் எஸ்ஏபி காட்டும் வரியும் அக்கவுன்ட்ஸின் எக்செல்லும் ஒத்துப்போகவில்லை என்றால், அக்கவுன்டன்ட் நேராக நம் மேசைக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு பில்லாகப் பார்த்தால், யாரோ தப்பான டாக்ஸ் கோடைத் தேர்ந்தெடுத்திருப்பார். பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கோடுகளுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்று! அந்தப் பெயரை வைத்த கன்சல்டன்ட் அதற்குள் வேறு ஊரில் இருப்பார். இதைக் கற்றுக்கொள்ளவே இரண்டு, மூன்று வருடம் உள்ளே இருந்து பார்ப்பது நல்லது என்பேன்.

உள்ளே வந்தால் பயணம் குறையும், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரும் பயமும் இல்லை. பதவி உயர்வுதான் மெதுவாக வரும். கன்சல்டிங் நிறுவனத்துக்கு நாம் வருமானம். கம்பெனிக்கு ஐடி பிரிவு ஒரு செலவு. பட்ஜெட் கூட்டத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கன்சல்டிங்குக்குத் திரும்பிப் போக நேரம் பார்க்க வேண்டும். பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை எஸ்ஏபி 2027 இறுதியோடு நிறுத்துகிறது. உங்கள் கம்பெனி புதிய எஸ்/4ஹானாவுக்கு மாறிக்கொண்டிருந்தால், முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த அனுபவத்துக்கு வெளியே நல்ல மதிப்பு. பேச்சே எடுக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மேனேஜருக்கு மேலே உள்ள பதவியில் திரும்புவதானால், புது ஆர்டர் பிடிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் தலையில் விழும். எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளையன்ட் கம்பெனியிலேயே சேரப் போகிறவர்கள் முதலில் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையை விட்டபின் குறிப்பிட்ட காலத்துக்குக் கிளையன்டிடம் சேரக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.