கரையேற ஒரு சொல்

மனசோடு பேசுவோம் – 9

கடலூர் முதுநகர் துறைமுகம். விடிந்தும் விடியாத நேரம். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, தான் எடுத்த இரண்டு கூடை சங்கரா மீனுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஏலம் எடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின்னாலேயே வந்த இரண்டு படகிலும் அதே சங்கரா. விலை சரிந்துவிட்டது. கடன் வாங்கிப் போட்ட முதல் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

முதலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "ஒனக்கெல்லாம் புத்தியே வராது. எப்பப் பாரு இதே பொழப்பு." இதையே மூன்று நான்கு தடவை சொன்னார். சொல்லச் சொல்ல முகம் இருண்டுகொண்டே போனது. அப்புறம் என்ன நினைத்தாரோ, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற அதே குரல். "ஏய், இங்க பாரு. ஆடி மாசத்துலயும் இப்பிடித்தான் ஆச்சு. அன்னிக்கும் வித்துட்டுத்தான வூட்டுக்குப் போன? எழுந்திரு. மொதல்ல ஐஸைப் போடு."

எழுந்தார். ஐஸ் உடைக்கிற இடத்துக்கு நடந்தார். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

நம்மை நாமே திட்டிக்கொள்ளும் பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் எப்படி ஊறுகிறது என்று போன வாரம் பார்த்தோம். அதற்கு மாற்று என்ன என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். அந்த அம்மா பேசிய நாலு வாக்கியத்தைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். தன்னைத் தள்ளி நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நடந்த ஒன்றை ஞாபகப்படுத்தினார். அடுத்துக் கை வைக்க வேண்டிய வேலையைச் சொன்னார். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஒரு பொய்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஈதன் கிராஸ் இதையேதான் சோதித்துப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்கள் எதிரே பேச வேண்டிய பதற்றத்தில் சிலரை நிறுத்தி, ஒரு பகுதியினரை 'நான்' என்றும், மற்றவர்களைத் தங்கள் பேரையோ 'நீ' என்பதையோ சொல்லியும் மனசுக்குள் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். பேர் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் தடுமாற்றம் குறைந்து பேசினார்கள். பேசி முடித்த பிறகு "அய்யோ, இப்படிச் சொதப்பிவிட்டேனே" என்று குமைந்ததும் குறைவு. அந்த ஆய்வு 2014-ல் வெளியானது. 2017-ல் ஜேசன் மோசரும் கிராஸும் சேர்ந்து மூளையின் மின்னலைகளை அளந்தபோது, மனத்தைக் கலக்கும் படங்களைப் பார்க்கிறவர்கள் தங்களைப் பேர் சொல்லி நினைத்த ஒரு விநாடிக்குள்ளேயே கொந்தளிப்பு தணியத் தொடங்கியது தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரருக்கு யோசனை சொல்லும்போது நமக்கு வருகிற தெளிவு, நம் விஷயத்தில் வருவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாமே நமக்கு அடுத்த வீட்டுக்காரராகிவிடுகிறோம்.

தமிழுக்கு இது பழகிய வழி. மனசை ஓர் ஆளாக எதிரே உட்காரவைத்துப் பேசுவதற்கு வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், தம் நெஞ்சுக்கு அறிவு சொல்வதாக 'நெஞ்சறிவுறுத்தல்' என்ற நீண்ட பாட்டை எழுதினார். ஆனால் இந்த மண்ணில் இந்தக் கலைக்கு மூத்தவர் என்று நான் நினைப்பது அப்பரைத்தான்.

பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். அக்காள் திலகவதிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்த அக்காள், தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டாள். அந்தத் தம்பி சமணம் தழுவிப் பாடலிபுரத்தில் தருமசேனர் என்ற பேரோடு தலைவராக இருந்தார். இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்தான் அது. அங்கே அவரைச் சூலை நோய் பிடித்தது. தாங்க முடியாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, அக்காளிடம் ஓடினார் என்கிறது பெரியபுராணம்.

அங்கே அவர் பாடிய முதல் பதிகம் முறையீட்டில் ஆரம்பிக்கிறது. புகழ்ச்சியெல்லாம் பிறகுதான். வயிற்றுக்குள் குடலை முறுக்குகிறது, என்னால் தாங்கவே முடியவில்லை என்று வாய்விட்டு அரற்றுகிறார். நோயை நோய் என்று சொல்லாமல் அவர் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. இந்த இடத்தை நாம் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறோம். வலிக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மேலே பூசுகிற பூச்சு நிற்காது.

பிற்பாடு திருவாரூரில் பாடிய தாண்டகம் ஒன்றில், தம் நெஞ்சை நண்பனைப் போல வாவென்று அழைக்கிறார். அழைத்து என்ன சொல்கிறார்? பொழுது விடியுமுன் எழு, கோயிலுக்குப் போ, தரையைப் பெருக்கு, மெழுகு, பூத்தொடு என்கிறார். நிலைகுலைந்த மனசுக்கு அவர் கொடுத்தது துடைப்பம். எனக்கு இது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் புல்லரிக்கும். 'ஐஸைப் போடு' என்ற அந்த அம்மாவும், 'பெருக்கு, மெழுகு' என்ற அப்பரும் ஒரே ஜாதி. டொனால்டு மைக்கன்பாம் என்ற உளவியலாளர் 1970-களில், பதற்றப்படுகிறவர்களுக்கும் நிதானமில்லாத குழந்தைகளுக்கும் தமக்குத் தாமே அடுத்தடுத்த வேலையைச் சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, அதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தார்.

சமணத்தை விட்டு வந்ததற்குத் தண்டனையாகக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறினார் என்று நம்பப்படும் இடம், கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்றே வழங்குகிறது.

அதே கடல்தான் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினத்திலும், சாமியார்பேட்டையிலும், பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டிலும் சுனாமியாக ஏறி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த நாட்களில் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "தைரியமா இருங்கம்மா, நல்லதையே நினைங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "நான் கையை வுட்டுட்டேன், நான் கையை வுட்டுட்டேன்" என்பதுதான் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் என்று பின்னால் அவருடைய அக்காள் சொன்னார். அந்த வாக்கியத்தின் எதிரே என் 'நல்லதை நினைங்க' எந்த மூலைக்கு?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அப்போது உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. பேசவிடு, குறுக்கே பேசாதே, கூடவே இரு என்பதுதான் அந்த வகைப் பயிற்சியின் சாரம். அந்தத் தாய்க்கு அவருடைய அக்காள்தான் வழி காட்டினார். "உன் இடத்துல நான் இருந்திருந்தா என்னை இப்பிடிச் சொல்லுவியா?" என்று கேட்டார். பல மாசம் கழித்து அந்த வாக்கியம், "நான் வுடலை, அலை பிடுங்கிச்சு" என்று மாறியது. துக்கம் அப்படியே இருந்தது. குற்றவுணர்வு மட்டும் கொஞ்சம் இறங்கியது. உண்மையைச் சொல்லிக்கொண்டதால் இறங்கியது.

பொய்யான உற்சாகம் கெடுதலும் செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவான் உட்டும் சக ஆய்வாளர்களும் 2009-ல் இதைக் காட்டினார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்களை, 'நான் அன்புக்குரிய ஆள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிட அதிகம் சோர்ந்துபோனார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உள்ளேயிருந்து "இல்லையே" என்று ஒரு குரல் எதிர்வாதம் செய்கிறது. ஆகவே, கண்ணாடி முன் நின்று 'நான் ஜெயிக்கப் பிறந்தவன்' என்று நூறு முறை சொல்லச் சொல்கிற பயிற்சி வகுப்புகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். சிதம்பரம் அண்ணாமலை நகர் விடுதியில் அரியர் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் பையன் "எனக்கு இது வராது" என்பதை "எனக்கு இது இன்னும் வரலை" என்று மாற்றிக்கொண்டால் போதும். அதற்கு எதிர்வாதம் செய்ய உள்மனசுக்கு ஒன்றும் கிடைக்காது.

சிதம்பரம் என்றதும் இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வருகிறது. 'நாளைப் போவேன்.' ஆதனூர் நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கி, போக முடியாத ஒவ்வொரு நாளும் தமக்குள் சொல்லிக்கொண்டது இது. அதனாலேயே திருநாளைப்போவார் என்று பேர் வந்தது. எத்தனை இரவுகள் அந்த ஒரு வாக்கியம் அவரைத் தாங்கியிருக்கும்! ஆனால் அவர் வழியை மறித்து நின்றது சாதி. அவர் எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. எவ்வளவு நம்பிக்கையாக அவர் மனசோடு பேசியிருந்தாலும் அந்தக் கதவு தானாகத் திறந்திருக்காது. நந்தனார் பேரிலேயே 1916-ல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார் சுவாமி சகஜானந்தர். பிள்ளைகளுக்கு அவர் கொடுத்தது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, எழுத்து.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சம்பளம் தராத முதலாளி, அடிக்கிற கணவன், அவமானப்படுத்துகிற ஆசிரியர் இவர்களைத் தாங்கிக்கொள்வதற்கான மருந்தாகச் சிலர் இதை விற்கிறார்கள். "உன் எண்ணத்தை மாத்து, எல்லாம் மாறும்" என்கிறார்கள். அது அநியாயம். மனசோடு பேசுவது எழுந்து நிற்பதற்கான தெம்பு. எழுந்தபின் புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கத்தான் வேண்டும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் வெள்ளம். அடிமேல் அடி வாங்கிய இந்த மாவட்டத்தில், சாய்ந்த தோப்பில் திரும்பவும் கன்று வைத்தவர்களைக் கேட்டால் பெரிய தத்துவம் எதுவும் சொல்ல மாட்டார்கள். "என்னா பண்றது, வச்சாத்தான வரும்" என்பார்கள். வலியை ஒப்புக்கொள்வதும் அடுத்த வேலையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்தால், உங்களோடு நீங்கள் பேசுவது மட்டும் போதாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அல்லது 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஏதாவது கைதவறி உடையும், பஸ் போய்விடும், யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்கள். அந்த நிமிஷம் உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்பதை, திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதே வார்த்தையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே உங்கள் பேரைப் போட்டு, உங்கள் அக்காளோ அண்ணனோ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ அதையும் எழுதுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த வாரக் கட்டுரையை அவற்றிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.